நோய்க்கிருமியின் வழித்தடம்

ஒரு மருத்துவமனைக் கூடத்தில் மூன்று நோயாளிகளிடம் ஒரே வகைக் கிருமி காணப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அஃது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா? அல்லது மூவரும் வெவ்வேறிடங்களில் அதனைப் பெற்றுத் தற்செயலாக ஒரே கூடத்திற்கு வந்து சேர்ந்தனரா? முன்னது உண்மையாயின், தொற்றின் ஊற்றுக்கண்ணைக் கண்டறிந்து அடைத்தாக வேண்டும். பின்னது உண்மையாயின், அங்கே தேடுவது வீண். குறைமாதக் குழந்தைகள், முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஆகியோரிடையே இவ்வினாவிற்கான விடை தாமதமானால், அதன் விலை உயிராகவும் இருக்கக்கூடும்.

முன்பெல்லாம் ஆய்வகத்தார் கிருமியை வளர்த்து, அஃது எந்தெந்த மருந்துகளுக்கு அடங்குகிறது என்பதைக் கொண்டே உறவை ஊகித்தனர். ஆனால், தொடர்பே இல்லாத இரு கிருமிகளும் ஒரே மருந்துகளை எதிர்த்து நிற்கலாம். ஒரே நிறச் சட்டை அணிந்தமையால் இருவர் உடன்பிறந்தோர் ஆகிவிடுவரா?

இக்குறையை நீக்கியதே மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தல். ஓர் உயிரின் மரபுச் செய்தி முழுவதும் நான்கே வேதி எழுத்துகளால் அமைந்தது. தோலிலும் மூக்கிலும் வாழும் ‘ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்னும் பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 28 இலட்சம் எழுத்துகள் உள்ளன. அது பெருகும்போதெல்லாம் அவ்வளவும் படியெடுக்கப்படுகின்றன. அப்போது அரிதாக எங்கேனும் ஓர் எழுத்துப் பிழையாகிறது. ஆறு வாரங்களுக்கு ஓர் எழுத்து என்னும் அளவில் மாற்றங்கள் சேர்வதாக ஆய்வாளர் கணித்துள்ளனர்.

ஏட்டுச்சுவடிகளை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதுகையில் பிழைகள் நேரும். அப்பிழைகள் அடுத்த படியிலும் தொடரும். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தனர். ஒரே பிழை இரண்டு ஏடுகளில் காணப்படின், அவை ஒரே மூல ஏட்டின் வழிவந்தவை எனக் கருத இடமுண்டு. கிருமிகளின் உறவை அறியும் முறையும் இத்தகையதே. வேறுபாடுகள் மிகச் சிலவாயின், அவை அண்மையில் பிரிந்தவை. பல நூறாயின், பிரிந்து நெடுங்காலம் ஆயிற்று.

இதன் பயனை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் நிகழ்ந்த ஒரு பரவல் தெளிவாகக் காட்டுகிறது. 2011இல் அந்நகரின் ரோசி மருத்துவமனைச் சிசுப் பராமரிப்புப் பிரிவில், ஆறு மாத காலத்துள் 12 குழந்தைகளிடம் எம்ஆர்எஸ்ஏ காணப்பட்டிருந்தது. மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸையே இப்பெயரால் சுட்டுவர். இடையிடையே எவரிடமும் கிருமி காணப்படாத நாள்களும் இருந்தமையால், இவை ஒரே பரவலைச் சேர்ந்தவையா என்பதை வழக்கமான முறைகளால் உறுதிசெய்ய இயலவில்லை. மரபணு வரிசை அவற்றை இணைத்தது. அத்துடன், பிரசவக் கூடத்துத் தாய்மாரையும் வெளியே வாழ்ந்த சிலரையும் சேர்த்து, 26 பேர் ஒரே பரவலுக்கு உரியவர் என்பது தெரியவந்தது.

பிரிவு முழுவதும் தூய்மை செய்யப்பட்டது. கிருமியுடைய கடைசிக் குழந்தை சென்று 64 நாள்கள் கடந்தபின், மீண்டும் ஒரு குழந்தையிடம் எம்ஆர்எஸ்ஏ தோன்றியது. இது வெளியிலிருந்து புதிதாய் வந்ததெனக் கருதுவது இயல்பே. ஆனால் மரபணு வரிசையோ, அது பழைய பரவலின் கிளையே என்று காட்டியது. கூடத்தில் கிருமியுடைய குழந்தை எதுவும் இல்லை; இடமும் தூய்மையாக இருந்தது. ஆகவே, அங்கே பணியாற்றும் எவரோ ஒருவரிடம் அது தங்கியிருத்தல் கூடும் என ஆய்வாளர் எண்ணினர். 154 பணியாளர்களைச் சோதித்ததில் ஒருவரிடம் மட்டும் கிருமி காணப்பட்டது. அவருக்குச் சிகிச்சையளித்துக் கிருமி நீக்கப்பட்டது.

அப்பணியாளர் குற்றவாளி அல்லர். எந்த நோய்க்குறியும் இன்றி இக்கிருமியைச் சுமப்போர் பலர்; அதனை அவர்கள் அறிவதும் இல்லை. பழி சுமத்தும் கருவியாக இம்முறை மாறினால், பணியாளர் சோதனைக்கு அஞ்சுவர், அச்சத்தால் தொற்று மறையும், மறைந்தது பரவும். மேலும், வீண்பழியிலிருந்து ஒருவரை விடுவிப்பதற்கும் இதே சான்று உதவும் என்பதை மறத்தலாகாது.

சிங்கப்பூரும் இவ்வாய்வின் பயனைக் கண்டதுண்டு. 2015இல் ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் பலர் கடுமையாக நோயுற்றனர். பச்சை நன்னீர் மீனை உண்டதோடு அது தொடர்புடையதெனத் தெரிந்தது. நோயாளிகளிடமும் மீன்களிடமும் கிடைத்த ‘எஸ்டி 283’ வகைக் கிருமிகளின் நெருங்கிய உறவை மரபணு ஆய்வு காட்டியது. அவ்வாண்டு டிசம்பரில், உணவுக்கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுதல் தடைசெய்யப்பட்டது.

எனினும், இம்முறைக்கும் எல்லை உண்டு. இரு கிருமிகள் உறவுடையன என்று வரிசை சொல்லும். யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை எப்போதும் திட்டமாகச் சொல்லாது. இடையில் சோதிக்கப்படாத மூன்றாமவர் இருக்கலாம். யார் எப்போது எந்தக் கட்டிலில் இருந்தார், யார் யாரைத் தொட்டுப் பராமரித்தார் என்னும் பதிவேடுகளோடு சேர்த்து நோக்கும்போதுதான் வழித்தடம் புலனாகும்.

மருத்துவமனையில் தாதியர் நம் மூக்கிலிருந்து மாதிரி எடுக்க வரும்போது, ‘எனக்குத்தான் நோயில்லையே’ என்று சிலர் மனம் வருந்துவதுண்டு. அச்சோதனை நம்மை ஐயுறுவதற்காக அன்று; அடுத்த கட்டிலில் கிடக்கும் எளியோரைக் காப்பதற்காகவே. ஆய்வகம் எத்துணை நுட்பமாகக் கிருமியின் வழியைக் கண்டறிந்தாலும், அவ்வழியை அடைப்பது இறுதியில் நாம் கழுவும் கைகளே.