ஜெனரேட்டர் சைலன்ஸருக்குள்ள சேர்ற கரி

காரங்காட்டுல வனத்துறை படகுல அலையாத்திக் காட்டைச் சுத்திப் பார்க்கலாம், கயாக்கும் ஓட்டலாம். கேரவன்ல போறவங்களுக்கு ஒரு விஷயம். அலையாத்தி ஈரக்காடுதான், சரி. ஆனா அந்தக் கரையோரத்துல நாம வண்டி நிறுத்துற பக்கம் காய்ஞ்ச பனையோலையும் சீமைக்கருவேலமும்தான் கிடக்கும்.

டீசல் ஜெனரேட்டர் புகையில வர்ற கரித்தணல் வெளியே பறக்காம தடுக்கிறது ஸ்பார்க் அரெஸ்டர். ராத்திரி முழுக்க ஒரு ஃபேனுக்கும் போன் சார்ஜுக்கும் மட்டும் ஓட்டினா இன்ஜின் சரியா சூடேறாது, கரி இன்னும் சேரும். அடைச்சுக்கிட்டா பவர் குறையும், கரும்புகை வரும்.

சுத்தம் பண்ண, முதல்ல நிறுத்தி நல்லா ஆறவிடுங்க. (நான் அவசரப்பட்டு விரலைச் சுட்டுக்கிட்டவன்.) சில மாடல்ல கம்பிவலை இருக்கும், பிரஷ்ஷால தேய்க்கணும், ஓட்டை விழுந்திருந்தா மாத்தணும். சிலதுல சைலன்ஸர் அடியில ஒரு பிளக். அதைக் கழட்டிட்டு, ஏசி போட்டு லோடோட கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லும் மேனுவல். அப்போ தணல் நேரா வெளியே கொட்டும்! அதனால இதைக் காரங்காட்டுல பண்ணாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே, சிமென்ட் தரையில, பக்கத்துல தண்ணி வாளியோட முடிச்சிடுங்க. 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருதடவைன்னு சில மேனுவல்ல இருக்கு, உங்களுதைப் பாருங்க.

ஆறினதும் பிளக்கைத் திரும்ப இறுக்க மறந்துடாதீங்க. இல்லேன்னா புகை வண்டிக்கு அடியிலேயே கசியும். அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, மேல நீங்க தூங்கிட்டிருப்பீங்க.