சிலிண்டரை வாங்கி உள்ளே வைக்கும் முன்

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். கேஸ் சிலிண்டர் வந்தால் மட்டும் கேள்வியே கிடையாது. வாசலில் இறக்கியதும் பணத்தைக் கொடுத்து, "சமையல்கட்டுல வச்சிடுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். எடை போடச் சொன்னால் அந்தத் தம்பி என்ன நினைப்பாரோ, அடுத்த முறை தாமதமாகக் கொண்டு வருவாரோ என்று ஒரு தயக்கம்.

எங்கள் வீட்டில் மனைவி வேலைக்குப் போகிறார். சமையலும் பிள்ளைகளும் என் பொறுப்பு. "அக்கா இல்லையா சார்?" என்று கேட்டுக்கொண்டேதான் சிலிண்டர் உள்ளே வரும். அக்கா வாங்கினாலும் சார் வாங்கினாலும், கேட்க வேண்டியதை வண்டி நிற்கும்போதே கேட்டுவிட வேண்டும். வண்டி தெருமுனை திரும்பிய பிறகு எடை குறைவு என்று சொன்னால் அதை நிரூபிக்க வழியில்லை.

முதலில் எடை. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்க வேண்டும். காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பகுதியிலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் 15, 16 கிலோ. இரண்டையும் கூட்டினால் வரும் எடையைத் தராசு காட்ட வேண்டும். கொண்டு வருபவரிடம் தராசு இருக்க வேண்டும் என்பது விதி. கேட்டால் எடை போட்டுக் காட்டுவது அவர் செய்யும் சலுகை அல்ல. "தராசு வண்டியில இல்ல சார்" என்றால், குறைந்தது சீல் பிரிக்காமல் இருக்கிறதா என்றாவது பாருங்கள்; ஏஜென்சிக்குப் போன் செய்து அதைச் சொல்லியும் வையுங்கள். எடைக் குறைவு தொடர்ந்தால் புகார் வாங்க வேண்டியவர்கள் தொழிலாளர் துறையினர். தமிழ்நாட்டில் எடை, அளவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அவர்கள்தான். இது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது தேதி. சிலிண்டரின் பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் A, B, C, D என்று ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் பெயின்டில் எழுதியிருக்கும். A என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, B ஏப்ரல் முதல் ஜூன், C ஜூலை முதல் செப்டம்பர், D கடைசி மூன்று மாதம். எண் ஆண்டைக் குறிக்கும். C 28 என்றால் அந்த இரும்புக் கூட்டை 2028 செப்டம்பருக்குள் மறுபடி சோதிக்க வேண்டும். இதைக் கேஸ் கெட்டுப்போகும் தேதி என்று நினைப்பவர்கள் உண்டு. கேஸ் கெடாது, கூடுதான் பழசாகும். தேதி தாண்டிய சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள்.

பிறகு மூடியைத் திறந்து வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, சோப்பு நுரையைத் தடவிக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் வேறு சிலிண்டர். நூலில் தொங்கும் அந்த மூடியை வெட்டித் தூக்கிப் போடாதீர்கள். கசிவு வந்தால் வால்வை அடைக்க அதுதான் கைகொடுக்கும்.

பணம் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ரசீதில் அச்சிட்டிருக்கும் தொகைக்குள் வீட்டுக்குக் கொண்டு வந்து தரும் கட்டணமும் அடக்கம். அதற்கு மேல் கேட்பது, மாடிக்கு இவ்வளவு என்று பேசுவது எதுவும் கட்டாயமில்லை. ஆனால் முப்பது கிலோ இரும்பைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறுகிறவருக்கு ஏஜென்சி கொடுப்பது மிகக் குறைவு என்பதும் உண்மை. மனமுவந்து கொடுப்பதில் தவறில்லை. கொடுக்காவிட்டால் சிலிண்டர் கீழேயே நிற்கும் என்பதுதான் தவறு, அந்தப் புகாரும் ஏஜென்சி மேல்தான் போக வேண்டும். அதேபோல் புது இணைப்பு வாங்கும்போது அவர்களிடமே அடுப்பு வாங்கியாக வேண்டும் என்று யாரும் நிர்ப்பந்திக்க முடியாது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள அடுப்பு இருந்தால் போதும். செல்போனுக்கு வரும் டெலிவரி எண்ணை, சிலிண்டர் கண்ணெதிரே வந்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

"கேஸ் கம்பெனியிலிருந்து வர்றோம், டியூப் செக் பண்ணணும்" என்று பகல் பதினொரு மணிக்கு வந்து நிற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரம் அது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சோதனை உண்டு என்பது நிஜம்தான், அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. அடையாள அட்டையைக் கேட்டு, அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஏஜென்சிக்குப் போன் போடுங்கள். ஏஜென்சி பெயரில் ரசீது தராதவரிடம் டியூப் வாங்க வேண்டாம். ஆதார் விரல்ரேகை வைத்துச் செய்யும் கேஒய்சிக்குக் கட்டணமே கிடையாது. "கேஒய்சி செய்யாவிட்டால் இன்றிரவு கேஸ் கட்" என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொட்டுப் பணம் போயிருந்தால், உடனே 1930-க்கு அழையுங்கள்.

இனி கசிவு. கேஸுக்கு இயல்பில் வாசனை இல்லை. நமக்குத் தெரிய வேண்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவித் தேங்கும். விடியற்காலையில் சமையல்கட்டில் வாசனை அடித்தால் கை தானாக லைட் சுவிட்சுக்குப் போகும். அங்கேதான் ஆபத்து. சுவிட்சைப் போடவும் கூடாது, எரிந்துகொண்டிருப்பதை அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படித்தான். இருட்டிலேயே ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றுங்கள். ஃபிரிட்ஜ் தானாக ஓடி நிற்கும்போதும் பொறி வரலாம், அதற்காக அதன் பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். மெயின் வீட்டுக்கு வெளியே இருந்தால் அதை அணைக்கலாம். போனை வெளியே வந்து எடுத்து 1906-க்கு அழையுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது, இரவிலும் வேலை செய்யும். தீ பிடித்துவிட்டால் 101.

கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைச் சாய்த்துப் போடுவதும் வெந்நீரில் உட்கார வைப்பதும் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. சாய்த்தால் உள்ளே திரவமாக இருப்பது அப்படியே ரெகுலேட்டருக்குள் வரும், அடுப்பில் தீ எகிறும். மிச்சம் பிடிக்கும் இரண்டு வேளைச் சமையலுக்கு இது வேண்டாம். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபின் ஆயுள் ஐந்து ஆண்டு. ஆண்டு டியூபிலேயே அச்சாகியிருக்கும். மேடைக்கு அடியில் எலி நடமாட்டம் இருந்தால் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

தீக்காயத்தில் இங்க், பேஸ்ட், தோசை மாவு எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குறை சொல்ல எங்கே போவது? ஏஜென்சியில் புகார்ப் புத்தகம் உண்டு. இண்டேன், பாரத், ஹெச்பி மூன்றுக்கும் 1800-2333-555 என்ற கட்டணமில்லா எண் பொது. மாவட்டங்களில் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டம் நடக்கும். ஏஜென்சிக்காரர்களையும் அதிகாரிகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கேட்க முடிகிற இடம் அது, வெள்ளைத்தாளில் எழுதிய மனுவே போதும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீதுகளைக் கிழித்துப் போடுகிற வீட்டுக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

விபத்தே நடந்துவிட்டால் இழப்பீடு உண்டு என்பது பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. மூன்று எண்ணெய் நிறுவனங்களும் வாடிக்கையாளர்களுக்காகக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன; நாம் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. கேஸால்தான் தீப்பிடித்தது என்றால், உயிரிழந்த ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. பதிவான வீட்டில் ஏற்பட்ட பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. இன்சூரன்ஸ் ஆபீஸைத் தேடி அலைய வேண்டாம். ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, கையெழுத்து வாங்கிய நகலை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்குச் சொல்வது அவர்கள் வேலை. எஃப்ஐஆர், அசல் மருத்துவ பில்கள், உயிரிழப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இறப்புச் சான்றிதழும் கேட்பார்கள். டியூபும் ரெகுலேட்டரும் எங்கே வாங்கியவை என்ற கேள்வியும் வரும்.

பதிவான வீடு என்பதில்தான் பலர் சிக்குவார்கள். மாமனார் காலமாகிப் பல வருடம் ஆகியும் கேஸ் புக் அவர் பெயரிலேயே ஓடும். வீடு மாறியவர்கள் பழைய முகவரியிலேயே புக் செய்துகொண்டிருப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் சொந்தக்காரரின் உபரி சிலிண்டரில் சமைப்பார்கள். பெயர் மாற்ற, இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், உங்கள் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றோடு ஏஜென்சிக்குப் போக வேண்டும். அதே ஏஜென்சி எல்லைக்குள் வீடு மாறியிருந்தால் புது முகவரிச் சான்று போதும். வேறு ஊர் என்றால் பழைய ஏஜென்சியில் மாறுதல் சீட்டு வாங்கிப் போங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் முகவரிச் சான்றாக ஏற்றுக்கொள்கிறார்கள். அடுத்த சிலிண்டர் புக் செய்யும் முன் கேஸ் புக்கின் முதல் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.