அலையும் இணையமும்

கோயம்புத்தூரிலிருந்து மன்னார்க்காடு செல்லும் மலைச்சாலையில் ஆனைகட்டி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. தமிழ்நாடும் கேரளத்தின் அட்டப்பாடிப் பகுதியும் இங்கே சந்திக்கின்றன. எல்லைச் சாவடியில் ஊர்திகள் நின்று செல்கின்றன. கோவையிலிருந்து புறப்படும் வானொலி அலையோ எந்தச் சாவடியிலும் நிற்பதில்லை.

ஒலிபரப்பு, ஒளிபரப்பு ஆகிய இரண்டின் இயல்பும் ஒன்றே. ஒரு கோபுரமோ செயற்கைக்கோளோ அலையைப் பரந்த பகுதியெங்கும் பரப்புகிறது. கருவி உள்ளவர் அதனைப் பெற்றுக்கொள்கிறார். பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் அலையைப் பரப்பும் செலவு மாறுவதில்லை. ஆனால், ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு நிகழ்ச்சியே செல்ல இயலும். நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான்.

இணையம் வேறு வகையில் இயங்குகிறது. நீங்கள் ஒரு காணொளியைத் தொட்டதும், உங்கள் கைப்பேசி அதனை வழங்கும் கணினியிடம் கேட்கிறது. அக்கணினி காணொளியைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து உங்களுக்கென்றே அனுப்புகிறது. அடுத்த வீட்டார் அதனையே பார்த்தால், அவர்களுக்குத் தனியே மீண்டும் அனுப்புகிறது. ஆகவே, பார்ப்பவர் பெருகப் பெருகப் பாதையில் நெரிசலும் பெருகும். எனினும், இங்கே நேர அட்டவணை இல்லை. எத்தனை மொழிகளுக்கும் இடம் உண்டு.

முன்னர் இவ்விரண்டும் தனித்தனி உலகங்களாக இருந்தன. ஒலியும் படமும் 0, 1 என்னும் எண்களாக மாற்றப்பட்ட பின்னர் நிலைமை மாறியது. எண்களுக்குக் கோபுரமும் ஒன்றே; கண்ணாடி இழைக் கம்பியும் ஒன்றே. உங்கள் வீட்டில் பாட்டி தொலைக்காட்சியில் பார்க்கும் தமிழ்ச் செய்தியை நீங்கள் கைப்பேசியில் பார்க்க முடிவது இதனால்தான். இவ்வாறு இரு தொழில்நுட்பங்கள் ஒன்றாதலை ஒருங்கிணைவு என்பர்.

இந்த ஒருங்கிணைவு கேரளத்தில் ஒரு பெரும் சோதனைக்கு உள்ளானது. அங்கே 2005ஆம் ஆண்டு, எடுசாட் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் விக்டர்ஸ் கல்வி வலையமைப்பைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020 ஜூன் 1 அன்று, ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் பெயரில் விக்டர்ஸ் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பாடங்கள் தொடங்கின. காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒன்பது மணி நேரம். அதற்குள் முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பாடம் நடத்த வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். முதல் வகுப்புக்கு அரை மணி நேரமே.

இந்த அட்டவணையில் தமிழ்வழி மாணவர்களுக்கு ஏது இடம்? பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழில் பயிலும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்களுக்கான பாடங்கள் யூடியூபில் வெளியிடப்பட்டன. அட்டப்பாடியில் பழங்குடிப் பிள்ளைகளுக்காக அவர்தம் தாய்மொழிகளிலும் இணையவழிப் பாடங்கள் உருவாயின. தொலைக்காட்சி அட்டவணையில் இடம் கிடைக்காத மொழிகளுக்கு இணையம் இடம் அளித்தது. இது சிறிய செய்தி அன்று.

ஆனால், மலையாளவழி மாணவருக்குத் தொலைக்காட்சி, இணையம் என இரு வழிகள் இருந்தன; தமிழ்வழி மாணவர் பெரிதும் இணையத்தையே நம்ப வேண்டியிருந்தது. மலைச்சரிவுகள் கைப்பேசி அலையை மறைக்கும். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி என்றால், தந்தை வேலைக்குச் செல்லும்போது பாடமும் உடன் சென்றுவிடும்! அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் படிக்கவும் இயலாது. தொலைக்காட்சி வைத்த பொதுப் படிப்பு மையங்கள் அப்போது பலருக்கு உதவின. இணையத்திலிருந்து இறக்கிய பாடத்தை ஒரு திரையில் பலர் கூடிப் பார்த்தால், அதுவும் ஒரு சிறிய ஒளிபரப்பே அல்லவா?

இணைய இணைப்பு இல்லாமலே கைப்பேசியில் ஒளிபரப்பை நேரடியாகப் பெறும் முறையை இந்தியாவில் இப்போது சோதித்து வருகின்றனர். கான்பூர் ஐ.ஐ.டி. இம்முயற்சியில் பங்கேற்றுள்ளது. இதற்குக் கைப்பேசியினுள் தனிச் சில்லு ஒன்று வேண்டும். அருகில் கோபுரமும் வேண்டும். அது ஆனைகட்டி வரை வந்தாலும் அலைவரிசையின் நேர எல்லை நீங்காது. தமிழ்ப் பாடத்துக்கு எந்த அரை மணி நேரம் என்பதை யாரேனும் அட்டவணையில் எழுதியாக வேண்டும்.