காண்பானும் காணப்படுவானும்

மாத்தளை அடங்கிய கண்டி இராச்சியத்தில், மலைவழிகளில் முள்வாயில் அமைத்து, வருவோர் போவோரைக் காவலர் ஆராய்ந்தனர் என 1681-இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூல் கூறும். அக்கண்காணிப்பு வெளிப்படையானது, வழிப்போக்கன் காவலனைக் கண்டான். இக்காலக் கண்காணிப்போ பெரிதும் மறைவானது. அதனைப் பொருளாகக் கொண்டது, 2017-இல் தமிழில் திரையிடப்பெற்ற 'லென்ஸ்' என்னும் குற்றப்படம்.

ஜெயப்பிரகாஷ் இராதாகிருஷ்ணன் இதனை இயக்கியதோடு அரவிந்த் என்னும் முதன்மைப் பாத்திரத்தையும் ஏற்றார். இணையத்தில் தன்னை மறைத்துப் பிறர் அந்தரங்கத்தை நுகரும் அரவிந்தை, யோகன் என்பான் காணொளி அழைப்பொன்றிற் பிணித்துவிடுகின்றான். கள்ளக் கமராவிற் பதிவான அந்தரங்கம் உலகறியப் பரவியதால் மனைவியை இழந்தவன் அவன்.

பொருட்செலவு சிறிதாதலின், கதை பெரும்பாலும் அறைகளுள்ளும் கணினித் திரையிலுமே நிகழ்கின்றது. அச்சிக்கனமே படத்துக்கு வலிமையுமாயிற்று. பார்வையாளரும் பிறர் அறையை எட்டிப் பார்ப்பவராகிக் கூசுகின்றனர். பதிவு செய்தவன் மட்டுமன்றிப் பரப்பியவனும், பார்த்து மகிழ்ந்தவனும் அக்குற்றத்திற் பங்காளரே என்பது இப்படம் உணர்த்தும் அறமாகும். கைத்தொலைபேசி ஏந்தும் மாணவர் ஒவ்வொருவரும் சிந்திக்கற்பாலது இதுவே.