பாட்டை மெதுவாக்குவது குற்றமா?

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஜவுளிக் கடையொன்றில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர், சென்ற வாரம் இரவு பத்து மணிக்கு நம்மைக் காண வந்தார். தென் ஜில்லாக்காரர்; வயது இருபத்திரண்டு இருக்கும். கைப்பேசியை நம்மிடம் நீட்டி, "ஐயா, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். என்னை ஜெயிலில் போட்டுவிடுவார்களா?" என்றார். பாட்டுக்களின் உரிமை பெற்ற கம்பெனியொன்று வக்கீல் மூலம் அனுப்பிய நோட்டீஸ் அது.

அவர் செய்த காரியம் இதுதான். பழைய சினிமாப் பாட்டுக்கள் சிலவற்றை எடுத்து, வேகத்தைக் குறைத்து, எதிரொலிக் கார்வை ஏற்றி, யூடியூபில் வெளியிட்டிருந்தார். 'ஸ்லோட் ரிவெர்ப்' என்று இளைஞர்கள் இதை வழங்குகிறார்கள். அதனால் அவருக்குக் காலணாவும் வரவில்லை. "பகல் முழுவதும் நின்றே வேலை, ஐயா. ராத்திரி விடுதியில் படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. பாட்டை இப்படி மெதுவாக வைத்தால்தான் மனசு அடங்குகிறது. என்னைப்போல் நாலு பேர் கேட்கட்டுமே என்று போட்டேன்" என்றார். கடைச் சிப்பந்திகள் உட்காருவதற்கு ஆசனம் தரவேண்டுமென்று 2021-இல் நம் சட்டசபை சட்டம் இயற்றவேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்து நேயர்கள் இவ்வார்த்தைகளைப் படிப்பார்களாக.

இந்த வித்தையில் மர்மம் ஏதுமில்லை. இணையத்தில் இலவசமாய்க் கிடைக்கும் கருவியொன்றில் பாட்டை ஏற்றி, நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு வேகத்தில் ஓடவிட்டால், நான்கு நிமிஷப் பாட்டு ஏறக்குறைய 4 நிமிஷம் 42 விநாடி ஓடும். கூடவே சுருதியும் ஏறக்குறைய மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கும். அதாவது, ஐந்து கட்டையில் பாடிய பாட்டு மூன்று கட்டைக்கு வந்துவிடும். பாதி வேகமாக்கினால் ஒரு ஸ்தாயியே இறங்கிப்போகும். சுருதி கெடாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் உபாயமும் உண்டு. ஆயினும் இவ்விளைஞர்கள் அதை நாடுவதில்லை. கனத்துத் தாழ்ந்த அந்தக் குரலே அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. கார்வையின் தத்துவம் கோயில் மண்டபத்தில் நின்று பாடியவர் யாவரும் அறிந்ததே. விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, கல்லில் மோதித் திரும்பித் திரும்பி வந்து, பாடியவன் வாய் மூடிய பின்னும் சற்று நேரம் நிலைக்கிறது. கருவி இதைக் கணக்கிட்டு உண்டாக்குகிறது. பத்தடி அறையில் ஆறு பேரோடு படுத்திருப்பவன், காதுக் குழாயை மாட்டியவுடன் ஆயிரங்கால் மண்டபத்தில் தனித்திருக்கிறான்.

கிராமபோனில் சாவி தளர்ந்தால் பாட்டு இழுத்துக்கொண்டே தாழ்வதும், பாட்டரி இறங்கிய டேப் ரிகார்டரில் பாடகியின் குரல் கனப்பதும் நம் வீடுகளில் சிரிப்புக்கிடமான சங்கதிகள். அதையே கலையாக்கியவர்கள் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக் கறுப்பு இளைஞர்கள். டிஜே ஸ்க்ரூ என்று பெயர் பெற்ற ராபர்ட் ஏர்ல் டேவிஸ், 1990-களின் தொடக்கத்தில் இசைத்தட்டுக்களை மெதுவாக ஓடவிட்டு, காஸெட்டில் பதிந்து, தம் வீட்டு வாசலிலேயே விற்றார். 2000-இல், முப்பது வயது நிறையுமுன்னரே அவர் காலமானார். அவர் விட்ட வழியில் கார்வையும் சேர்ந்து இணையத்தில் உலகமெங்கும் பரவியது. இன்று நம் தமிழ்ப் பாட்டுக்களும் அந்த உருவில் உலவுகின்றன.

நிற்க, சட்டம் என்ன சொல்லுகிறது? 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஒருவன் தன் சொந்த உபயோகத்திற்காக நியாயமான முறையில் கையாளுவதை அனுமதிக்கிறது. ஆகவே அந்த வாலிபர் பாட்டை மெதுவாக்கித் தாமே கேட்டவரையில் குற்றமில்லை. ஊரறிய வெளியிட்டதே உரிமை மீறல். அறிந்து மீறியவனுக்கு 63-ஆவது பிரிவு விதிக்கும் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அபராதம் ரூ. 50,000 முதல் இரண்டு லக்ஷம் வரை. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவனுக்கு, தக்க காரணங்களைத் தீர்ப்பில் எழுதி நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம். ஆயினும் இது போலீஸார் வாரண்டில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றும், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்றும் 2022-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்து விற்கும் திருட்டு வியாபாரிக்கும், தூக்கம் வராத கடைச் சிப்பந்திக்கும் ஒரே பிரிவு! இதை நியாயமென்று யார் கூறுவார்?

ஆனால் மறு கட்சியையும் நாம் கேட்கவேண்டும். சங்கீத கர்த்தா ஒரு பாட்டுக்கு வேகம் குறிப்பது விளையாட்டுக்கன்று. எந்த இடத்தில் வயலின்கள் எழவேண்டும், எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கால அளவைக் கொண்டே அமைகின்றன. எஸ். ஜானகியின் குரல் மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கியபின் அது ஜானகியின் குரலாகுமா? உரிமையைப் பிறருக்கு விற்றுவிட்ட பின்னரும், தம் கௌரவத்துக்குக் குறைவு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை கர்த்தாவுக்கு உண்டு என்று 57-ஆவது பிரிவு கூறுகிறது. 2012-ஆம் வருஷத்துத் திருத்தம் பாடகர்களுக்கும் அத்தகைய உரிமையை அளித்தது. இளையராஜா தம் பாட்டுக்களை அனுமதியின்றிக் கையாளுவதை எதிர்த்து வருகிறார். 1991-இல் வெளிவந்த 'குணா' படப் பாட்டை எடுத்தாண்ட 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தாருக்கு 2024-இல் அவர் நோட்டீஸ் அனுப்பினார். 'குட் பேட் அக்லி' படத்தில் அவர் பாட்டுக்களைக் கையாளுவதற்கு 2025-இல் சென்னை ஹைகோர்ட் இடைக்காலத் தடை விதித்தது. கோடிக்கணக்கில் முதல் போட்ட படக் கம்பெனிகளை அவர் எதிர்ப்பதைப் பேராசை என்று ஏசுவோருடன் நாம் சேரமாட்டோம். பல்லாண்டுகள் தமிழ்நாட்டில் பாட்டெழுதியவனும் மெட்டமைத்தவனும் ஒரே தொகையைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கினார்கள். பாட்டை விற்றவர்கள் செழித்தார்கள்.

உரிமைக்கும் பொது நன்மைக்கும் வரும் இந்த வழக்கு நமக்குப் புதிதன்று. பாரதியின் பாட்டுக்களை இசைத்தட்டில் வெளியிடும் உரிமை ஒரு காலத்தில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. தேசத்தின் பாட்டுக்குத் தனி மனிதர் சொந்தக்காரரா என்று ஜனங்கள் கேட்டார்கள். செட்டியார் பணம் பெறாமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை சர்க்கார் பாரதி நூல்களின் உரிமையை ஏற்றது. பின்னர் அவை பொதுச் சொத்தாயின. எல்லாப் பாட்டுக்களையும் இவ்வாறு செய்யவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. உழைத்தவன் உயிரோடிருக்கையில் அவன் பங்கைப் பறிப்பது பொதுவுடைமையாகாது. சட்டம் மனிதருக்காக வளையக்கூடியது என்பதற்கே இதைக் காட்டினோம்.

வளைவதற்கு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு பாட்டு முதலில் பதிவாகி ஐந்து வருஷம் கடந்தால், உரிய ராயல்டியை முன்கூட்டிச் செலுத்தி, வேறு பாடகரையும் வாத்தியக்காரரையும் கொண்டு அதைப் புதிதாய்ப் பதிவு செய்யலாம் என்கிறது 31-சி பிரிவு. பாட்டு முழுவதையும் புதிதாய்ப் பாட வாசல் திறந்திருக்கிறது. இருக்கும் பதிவைச் சற்று மெதுவாக்க வாசல் இல்லை. இதற்கும் சிறு கட்டணமுள்ள லைசென்ஸ் ஒன்றை ஏற்படுத்தினால் என்ன? கட்டணத்தில் கவிஞருக்கும் சங்கீத கர்த்தாவுக்கும் பாடகருக்கும் பங்கு சேரவேண்டும். அவர்கள் பெயரைத் தலைப்பிலேயே போடவேண்டும். இன்று உலவும் மெதுப் பாட்டுக்கள் பலவற்றில் மெதுவாக்கியவர் பெயர் இருக்கிறது, எழுதியவர் பெயரைக் காணோம். கர்த்தா ஆட்சேபித்தால் உடனே விலக்கவேண்டும். லாப நோக்கமின்றித் தவறியவனுக்கு முதலில் எச்சரிக்கை, அதன்பின் நஷ்ட ஈடு; சிறை கூடவே கூடாது. யூடியூபிலோ, உரிமையாளர் விரும்பினால் பாட்டை நீக்காமல் அதன் விளம்பர வருமானத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு முன்னமே இருக்கிறது. வருமானத்துக்கு வழி இருக்கையில் ஏழைச் சிப்பந்திக்கு ஜெயில் பயம் காட்டுவானேன்?

வாலிபரிடம், வெளியிட்டவற்றை நீக்கிவிட்டு அதைத் தெரிவித்து மரியாதையாய்ப் பதில் எழுதும்படி சொன்னோம். கடிதத்தை நாமே எழுதியும் கொடுத்தோம். படியிறங்கும்போது திரும்பி, "நான் மட்டும் கேட்கலாம் இல்லையா, ஐயா?" என்றார். தாராளமாய்க் கேட்கலாம் என்றோம். அவ்வளவுக்கே அவர் முகம் தெளிந்தது. ஆனால் தனக்குப் பிடித்ததை நாலு பேரோடு பகிர நினைப்பவனைக் குற்றவாளியாக்கும் சட்டத்தைத் திருத்துவது டில்லிப் பார்லிமெண்டின் கடமை. நம் பிரதிநிதிகளிடம் அதைக் கேட்டு வாங்குவது, பாட்டைக் கேட்கும் நம் எல்லாருடைய கடமையுமாகும்.