சந்திக் காணிக்கு விலை ஏற்றுவது யார்?

நெல்லியடிச் சந்தியில் வீதியைப் பார்த்த ஒரு பரப்புக் காணிக்கும், உள்ளே ஒழுங்கையில் கிடக்கும் ஒரு பரப்புக்கும் மண் ஒன்றுதான். அடியில் இருப்பதும் அதே சுண்ணாம்புக்கல். விலையில் மட்டும் எவ்வளவு தூரம்! யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதி, பேருந்துத் தரிப்பிடம், சந்தை, தெருவிளக்கு, வெள்ளவாய்க்கால் எல்லாம் சேர்ந்து ஏற்றிய விலை அது. பெரும்பகுதி பொதுப்பணம்.

நெல்லியடியை நிர்வகிப்பது வடமராட்சி தெற்கு மேற்குப் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளுக்குச் சந்தை கட்டவும், உள்வீதி போடவும், கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கவும் அதிகாரம் தருகிறது. விருத்தியடைந்த பகுதி என்று அறிவித்த இடங்களில் சோலைவரியும் அறவிடலாம். வரிக்கு அடிப்படை, அந்த ஆதனத்தை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. இதன் அழகைப் பாருங்கள்: சபை வாய்க்கால் வெட்டுகிறது, கடைக்குச் சனம் வருகிறது, வாடகை ஏறுகிறது, வரி ஏறுகிறது, அடுத்த வாய்க்காலுக்குக் காசு வருகிறது. மதிப்பீடு பழையதாகவே கிடந்தால் இந்தச் சுற்று அறுந்துபோகும். ஏறிய விலை முழுவதும் காணிக்காரரிடம் நிற்கும். சபை கொழும்பையும் வெளிநாட்டு உதவியையும் பார்த்திருக்கும். போருக்குப் பின் 2010இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நெல்சிப் திட்டம் வடக்கு, கிழக்குச் சபைகளுக்கு வீதியும் சந்தையும் கட்ட உதவியது. ஆனால் கட்டியதைப் பராமரிக்கும் செலவு வருடா வருடம் வரும்.

இனிமேல் கூடப்போகும் வரியை முன்கூட்டியே பயன்படுத்த, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1952இல் ஒரு துணிச்சலான வழியைக் கண்டது. பாழடைந்த பகுதியைப் புதுப்பிக்கக் கடன் வாங்கி, அதனால் பின்னாளில் கூடும் ஆதன வரியைக் கொண்டே அக்கடனை அடைப்பது. பல நகரங்கள் இதனால் எழுந்தன. பள்ளிக்கூடங்களுக்குப் போகவேண்டிய வரிப்பணமும் இதற்குள் முடங்கியதால் 2012இல் அம்மாநிலம் அந்த மீளபிவிருத்தி அமைப்புகளையே கலைத்தது. கூடும் வரியை எதற்கு ஒதுக்குவது என்பது எங்கும் ஊர் கூடி முடிவெடுக்கவேண்டிய விஷயம்.

நெல்லியடியில் என்னைக் கேட்டால் முதல் ஒதுக்கீடு நிலத்தடி நீருக்குத்தான். யாழ் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்தால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். அந்த ஒரு மீற்றரை இறைத்துத் தீர்த்தால் உப்பு மேலேறும். ஒரு கடை நின்ற இடத்தில் மூன்று மாடி எழும்பினால் இறைப்பும் கூடும், மலசலகூடக் குழியின் கசிவும் கூடும். அதே வெடிப்புகள் வழியாக அந்தக் கசிவு பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச்சேரும். முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டால் மழை உள்ளே இறங்காது. ஆகவே கட்டட அனுமதியில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரத்தைச் சபை கேட்பது வெறும் அலுவலக நடைமுறை என்று எண்ணக்கூடாது. ஊர் குடிக்கும் தண்ணீர் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பை ஒரு சிறிய சபை தனியாகச் செய்யமுடியாது என்பது உண்மை. தமிழ்நாட்டில் 2002இல் 13 சிறிய நகர அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்காகக் கூட்டு நிதியத்தின் மூலம் ஏறத்தாழ 30 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டன. தனித்தனியே போயிருந்தால் நிதிச்சந்தை அவற்றைத் திரும்பிப் பார்த்திருக்காது. வடமராட்சியிலும் பருத்தித்துறை, வல்வெட்டித்துறை நகரசபைகளும் இரண்டு பிரதேச சபைகளும் ஒரே நிலத்தடி நீரின் மேல்தான் இருக்கின்றன. நான்கும் ஒரு மேசையில் அமர்ந்து, கடைத்தெருக்களின் கழிவுநீருக்குப் பொதுவான ஒரு திட்டம் தீட்டவேண்டும். சோலைவரி கட்டுகிறவர்களே, பற்றுச்சீட்டை வாங்கும்போது அதைக் கேளுங்கள்.