கெர்னலில் உறங்கும் பழைய நெறிமுறைகள்

இரண்டு கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் அவற்றிற்குப் பொதுவான ஒரு நெறிமுறை தேவை. முகவரியை எப்படி எழுதுவது, யார் முதலில் பேசுவது, செய்தி வழியில் தொலைந்தால் யார் மீண்டும் அனுப்புவது என்பனவற்றையெல்லாம் வகுத்துச் சொல்வதே நெறிமுறை. இன்று கைப்பேசி முதல் வங்கியின் பெரிய கணிப்பொறி வரை ஏறக்குறைய எல்லாம் டிசிபி-ஐபி என்னும் ஒரே நெறிமுறைக் குடும்பத்தில் பேசுகின்றன. ஆகையால், வேறு நெறிமுறைகளும் இருந்தன என்பதே நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

இருந்தன, ஒன்றிரண்டல்ல. ஒரு காலத்தில் கணிப்பொறிக் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நெறிமுறையை வைத்துக்கொண்டன. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் 1975-இல் டெக்நெட்டை வெளியிட்டது. தொலைபேசித் துறைகளின் பன்னாட்டு அமைப்பு 1976-இல் எக்ஸ்.25 என்பதை வகுத்தது. இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி, பள்ளிக்கூடங்களுக்கு விற்ற தன் சிறு கணிப்பொறிகளை இணைக்க எகானெட்டை உருவாக்கியது. ஆப்பிள் கம்பெனி 1985-இல் ஆப்பிள்டாக்கைக் கொண்டுவந்தது. நாவெல் கம்பெனியின் ஐபிஎக்ஸ் அலுவலகங்களில் கொடிகட்டிப் பறந்தது. 1993-இல் வந்த ‘டூம்’ என்னும் விளையாட்டை நண்பர்கள் ஒரே அறையில் சேர்ந்து ஆடியதும் அந்த ஐபிஎக்ஸ் வழியாகத்தான்.

இவையெல்லாம் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன. ஆனால் இவற்றைப் பேசத் தெரிந்த நிரல்கள் மட்டும் நெடுங்காலம் லினக்ஸ் இயக்க அமைப்பின் கருப்பகுதியில் குடியிருந்தன. அதனால் விளைந்த தொல்லையையும், அதை எவ்வாறு சமாளித்தார்கள் என்பதையுமே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

கெர்னல் என்பது இயக்க அமைப்பின் உட்கரு. நினைவகம், வட்டு, பிணைய அட்டை ஆகிய எல்லாவற்றின் மீதும் நேரடி ஆட்சி அதற்கு மட்டுமே உண்டு. நாம் இயக்கும் சாதாரண நிரல்கள் எதைச் செய்ய வேண்டுமானாலும் கெர்னலிடம் விண்ணப்பித்தே செய்ய முடியும். சாதாரண நிரல் ஒன்றில் பிழையிருந்தால் அந்த நிரல் மட்டும் நின்றுபோகும். கெர்னலில் உள்ள பிழையோ கணிப்பொறி முழுவதையும் கவிழ்த்துவிடும். கெட்டிக்காரன் கையில் அது சிக்கினால் முழு ஆட்சியும் அவனுக்குப் போய்விடும். பிணைய நெறிமுறைகள், விரைவு கருதியும் அட்டையைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பது கருதியும், இந்த உட்கருவிலேயே வைக்கப்பட்டன.

லினக்ஸின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. அதிலிருந்து கெர்னலைத் தொகுப்பவர் முதலில் ஒரு பெரிய கேள்விப் பட்டியலுக்கு விடையளிக்க வேண்டும். ஆப்பிள்டாக் வேண்டுமா, எக்ஸ்.25 வேண்டுமா என்பன போன்ற ஆயிரக்கணக்கான கேள்விகள் அதில் உள்ளன. பெரும்பாலான கேள்விகளுக்கு மூன்றே விடைகள். ‘ஒய்’ என்றால் அந்தப் பகுதி கெர்னலோடு ஒட்டிப் பிறக்கும். ‘என்’ என்றால் அது அறவே இல்லை. ‘எம்’ என்றால் அது மாட்யூல் எனப்படும் தனித்துண்டாகத் தொகுக்கப்பட்டு வட்டில் வைக்கப்படும். தேவைப்படும்போது மட்டும் கெர்னலோடு வந்து சேரும். ஒன்றுக்கு ஆம் என்றால் அது தன் துணைகளையும் அழைத்துக்கொண்டு வரும். ஆப்பிள்டாக்கைக் கேட்டால் எல்எல்சி என்னும் அடித்தளப் பகுதியும் கேட்காமலே கூட வருவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளைத் தயாரிப்போர், யார் எதைக் கேட்பார்களோ என்று கருதி, இத்தகைய கேள்விகளுக்குப் பெரும்பாலும் ‘எம்’ என்றே விடையளித்தனர். நம் வீடுகளில் உடைந்த உலக்கையையும் தாத்தாவின் கைவிளக்கையும் பரணில் போட்டு வைப்பதில்லையா, அதே எண்ணம்தான். வட்டில் சிறிது இடம் போகும், வேறு நட்டமில்லை என்று நினைத்தார்கள். பரணில் கிடக்கும் உலக்கை தானாக இறங்கி வராது. மாட்யூல் இறங்கி வரும். வேறுபாடு அங்கேதான்.

அது இறங்கி வரும் வழியைப் பார்ப்போம். எந்த நிரலும் பிணையத்தில் பேச விரும்பினால் கெர்னலிடம் ஒரு சாக்கெட் கேட்கும். அப்போது எந்த நெறிமுறைக் குடும்பம் என்பதை ஓர் எண்ணால் குறிப்பிடும். ஐபிஎக்ஸுக்கு 4, ஆப்பிள்டாக்குக்கு 5, எக்ஸ்.25-க்கு 9, டெக்நெட்டுக்கு 12, எகானெட்டுக்கு 19. கேட்ட குடும்பம் கெர்னலில் ஏற்கெனவே இருந்தால் சரி. இல்லையென்றால், ‘நெட்-பிஎஃப்-19’ என்பது போன்ற ஒரு பெயரைச் சொல்லி, அதற்குரிய மாட்யூலைக் கெர்னல் தானே வட்டிலிருந்து வரவழைத்துவிடும். கேட்டவர் நிர்வாகியா, சாதாரணப் பயனரா என்ற விசாரணை கிடையாது. கணிப்பொறியில் எகானெட் கம்பி இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு மாணவன் இரண்டு வரி நிரல் எழுதி 19 என்று கேட்டால், முப்பதாண்டுகளுக்கு முந்திய இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களின் நெறிமுறை அவன் கணிப்பொறியின் உட்கருவில் விழித்துக்கொள்ளும்!

இது வெறும் வேடிக்கையாக முடிந்திருக்கலாம். 2010-இல் அப்படி முடியவில்லை. நெல்சன் எல்ஹேஜ் என்பவர் கண்டறிந்த மூன்று ஓட்டைகளை ஒன்றாகக் கோத்து, சாதாரணப் பயனர் ஒருவர் கணிப்பொறியின் முழு ஆட்சியையும் கைப்பற்ற முடியும் என்று அவ்வாண்டு டிசம்பரில் டேன் ரோசன்பெர்க் செய்து காட்டினார். அவற்றுள் இரண்டு எகானெட்டில் இருந்தவை. பிணைய இடைமுகத்திற்கு எகானெட் முகவரி சூட்டுவது நிர்வாகிக்கு மட்டும் உரிய வேலை. ஆனால் அந்த நிரலில் உரிமைச் சோதனையே எழுதப்படவில்லை. யாரும் சூட்டலாம். சூட்டியபின், பெறுநர் முகவரி இல்லாத ஒரு செய்தியை அனுப்பினால், எகானெட் இல்லாத முகவரியைத் தேடிப்போய்த் தடுமாறி விழும். விழும் நிரலைக் கெர்னல் முடித்து வைக்கும்போது, மூன்றாவது ஓட்டை வேலை செய்யும்: இது கெர்னலின் பொதுப் பகுதியில் இருந்தது. ஒரு காவல் எல்லையை மீண்டும் நிறுவ மறந்த நிலையில், கெர்னல் தன் சொந்த நினைவகத்திலேயே, தாக்குபவர் குறித்த இடத்தில், ஒரு சுழியை எழுதிவிடும். அந்த ஒரு சுழி போதுமானதாயிற்று.

மூன்றாவது ஓட்டை தனியே இருந்திருந்தால் அதை எட்ட வேறு ஒரு வழியைத் தேட வேண்டியிருந்திருக்கும். அந்த வழியைத் திறந்து வைத்தது எகானெட். உலகில் அநேகமாக யாருமே பயன்படுத்தாத ஒரு நெறிமுறை. யாரும் பயன்படுத்தாததால்தான் அதன் பிழைகள் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். டிசிபி-ஐபியில் இப்படியொரு உரிமைச் சோதனை விடுபட்டிருந்தால் ஆயிரம் பேர் மறுநாளே முறையிட்டிருப்பார்கள்.

உபுண்டு 11.04 வெளியீட்டில், அதாவது 2011-இல், அரிய நெறிமுறைகளுக்கென ஒரு விலக்குப் பட்டியல் சேர்க்கப்பட்டது. எகானெட், டெக்நெட், எக்ஸ்.25, வானொலி ஆர்வலர்களின் ஏஎக்ஸ்.25 முதலியன அதில் இடம்பெற்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. விலக்கு என்றால் மாட்யூலை அழிப்பது அன்று. எண்ணைச் சொல்லிக் கேட்டால் தானாக வரும் வழியை மட்டும் அடைப்பது. நிர்வாகி பெயர் சொல்லி அழைத்தால் அது வரும். வேண்டுவோருக்கு வழி உண்டு, ஆனால் விழித்திருப்பவர் ஒருவர் கையால் கதவைத் திறக்க வேண்டும். என் கருத்தில் இதுவே நியாயமான ஏற்பாடு. ஆயினும் பட்டியலில் இல்லாதவற்றுக்கு இது காவல் ஆகாது. டிசிசிபி என்ற மற்றொரு நெறிமுறை பழையதுகூட அன்று. 2005-இல் கெர்னலில் சேர்ந்து, பரவாமலே போனது. அதில் தொடக்கம் முதலே பதுங்கியிருந்த ஓர் ஓட்டையை ஆந்திரே கொனோவலோவ் 2017-இல்தான் வெளிக்கொணர்ந்தார்.

இனி மறுபக்கம். இந்த நெறிமுறைகள் உண்மையாகவே தேவைப்படுவோரும் உண்டு. பழைய டிஜிட்டல் கணிப்பொறி ஒன்றிலிருந்து கோப்புகளை மீட்க வேண்டிய ஆவணக் காப்பகம், இருபதாண்டுப் பழமையுள்ள இயந்திரத்தை இன்னும் ஓட்டும் தொழிற்சாலை, அருங்காட்சியகம், பொழுதுபோக்காகப் பழைய கணிப்பொறிகளைப் பேணுவோர் எனப் பலர். இவர்கள் கேள்விப் பட்டியலில் ‘எம்’ என்று விடையளித்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு பழைய நெறிமுறைக்கும் அதற்கே உரிய பிடிவாதங்கள் உண்டு.

டெக்நெட்டின் நான்காம் படிநிலையை எடுத்துக்கொள்வோம். இதில் முகவரி மொத்தம் 16 பிட். வட்டாரத்திற்கு 6, முனைக்கு 10. எனவே 63 வட்டாரங்களும், வட்டாரத்திற்கு 1023 முனைகளும் இருக்கலாம். ஈதர்நெட் அட்டைக்குத் தொழிற்சாலையிலேயே ஒரு முகவரி பொறிக்கப்பட்டிருக்கும் அல்லவா? டெக்நெட் அதை ஏற்பதில்லை. முனை எண்ணிலிருந்து தானே ஒரு முகவரியைக் கணக்கிட்டு, அதை அட்டையின் மீது ஏற்றும். வட்டாரம் 1, முனை 5 என்று கொள்வோம். 1-ஐ 1024-ஆல் பெருக்கி 5-ஐக் கூட்டினால் 1029. பதினாறின் அடிமானத்தில் இது 0405. சிறிய பைட்டை முன்னால் எழுதினால் 05-04. இதற்கு முன் ஏஏ-00-04-00 என்னும் நிலையான பகுதியைச் சேர்த்தால், ஏஏ-00-04-00-05-04 என்ற அட்டை முகவரி கிடைக்கும். எதிர்முனையின் முகவரியை யாரிடமும் விசாரிக்காமல் கணக்குப் போட்டே கண்டுகொள்ளலாம் என்பது இதன் அழகு. தொல்லை என்னவென்றால், ஒரே கணிப்பொறியில் இரண்டு அட்டைகள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி வரும். இரண்டையும் ஒரே பிணையத்தில் இணைத்துவிட்டால் சுவிட்சு எந்தக் கம்பியில் செய்தியைச் செலுத்துவது என்று தெரியாமல் திண்டாடும்.

ஐபிஎக்ஸின் பிடிவாதம் வேறு. ஒரே செய்தியை ஈதர்நெட்டில் இட நான்கு விதமான உறைகள் அதற்கு உண்டு. ஈதர்நெட் தரம் முழுமையடையும் முன்பே நாவெல் தனக்கென ஓர் உறையைத் தேர்ந்துகொண்டது. பின்பு நெட்வேர் 3.12 முதல் வேறோர் உறையை இயல்பாக்கியது. கம்பி ஒன்று, அட்டைகள் சரி, நெறிமுறையும் ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கம் பழைய உறையும் மறுபக்கம் புதிய உறையும் இருந்தால், இரு கணிப்பொறிகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே செய்யா. அந்நாளில் கம்பியையும் அட்டையையும் மாற்றி மாற்றிச் சலித்த நிர்வாகிகள் எத்தனை பேரோ!

இவ்வளவு நுட்பங்களைத் தெரிந்தவர்கள் குறையக் குறைய, நிரலைப் பேணுவோரும் குறைந்தனர். கெர்னலின் உட்பகுதியில் எந்த மாற்றம் செய்தாலும் எல்லா நெறிமுறைகளிலும் அதற்கேற்பக் கைவைத்தாக வேண்டும். ஆனால் டெக்நெட்டில் கைவைத்தவர் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு டெக்நெட் கணிப்பொறிக்கு எங்கே போவார்? 2012-இல் எகானெட் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. 2018-இல் ஐபிஎக்ஸ் போயிற்று. 2010 முதலே பொறுப்பாளர் இன்றிக் கிடந்த டெக்நெட், 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் விடைபெற்றது. டிசிசிபியும் 2025-இல் நீங்கிற்று.

இந்த நீக்கங்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. காவலாளி இல்லாத கதவை எல்லோர் வீட்டிலும் வைத்திருப்பதை விட அடைத்துவிடுவது மேல். எனினும் வழக்கொழிந்தது என்ற தீர்ப்பு எப்போதும் இறுதியானதன்று என்பதற்கு ஆப்பிள்டாக் சான்று. லினக்ஸ் கணிப்பொறியை ஆப்பிள் கணிப்பொறிகளுக்குக் கோப்பு நிலையமாக்கும் நெட்டாடாக் என்னும் மென்பொருள், 2012-இல் வந்த தன் 3.0 பதிப்பில் பழைய ஆப்பிள்டாக்கைக் கைவிட்டது. பழைய மெக்கிண்டாஷ்களை வைத்திருந்தவர்கள் விடவில்லை. பழைய பதிப்பையே பேணி வந்தனர். 2024-இல் 4.0 பதிப்பில் ஆப்பிள்டாக் மீண்டும் சேர்க்கப்பட்டது.

நம் கணிப்பொறியில் எவை உறங்குகின்றன என்று அறிய விரும்பும் மாணவர்கள், லினக்ஸில் ‘பூட்’ என்னும் கோப்பகத்தைத் திறந்து, ‘கான்ஃபிக்’ என்று தொடங்கும் கோப்பைப் படிக்கலாம். கெர்னலைத் தொகுத்தவர் அளித்த விடைகள் அனைத்தும் அதில் வரிவரியாக இருக்கும். ‘எம்’ என்று முடியும் நெறிமுறைகளை மட்டும் பொறுக்கி எழுதி, ஒவ்வொன்றும் எந்த ஆண்டில், எந்தக் கம்பெனிக்காகப் பிறந்தது என்று தேடினால் ஒரு விடுமுறை நாள் போவதே தெரியாது.

டெக்நெட் இன்னும் தேவைப்படுவோர் என்ன செய்கின்றனர்? சிலர் பழைய கெர்னலையே, வெளியுலகத் தொடர்பற்ற ஒரு தனிக் கணிப்பொறியில் ஓட்டுகின்றனர். இன்னொரு வழி எனக்கு மேலும் பிடித்தது. பைடெக்நெட் என்னும் மென்பொருள் டெக்நெட் முழுவதையும் பைத்தான் மொழியில், கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாகவே எழுதிவிட்டது. அதில் பிழை இருந்தால் அந்த நிரல் மட்டும் விழும், கெர்னல் நிற்கும். வேகம் குறைவுதான். ஆனால் 1980-களின் கணிப்பொறியோடு பேசுவதற்கு இன்றைய கணிப்பொறியின் வேகத்தில் சிறு பங்கே போதும். ஹெக்நெட் என்ற பெயரில் உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் தம் பழைய டிஜிட்டல் கணிப்பொறிகளை இணையத்தின் வழியே பிணைத்து வைத்திருக்கும் டெக்நெட் வலைப்பின்னலில், இந்தப் பைத்தான் நிரலும் ஒரு முனையாக அமர்ந்து அவற்றோடு பேசிக்கொள்கிறது.